ஏரலுக்குப் போயிருந்தோம்

நாசரேத்,
28.12.2024

கிறிஸ்துவுக்குள் பிரியமான பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காக ராத்திரி ஜெபத்தில் தினமும் கேட்டுக்கொள்கிறோம்.

போன் இருக்கும்போது அப்பா எதற்கு லெட்டர் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டியா என்று கேட்பேன். நீ சாப்பிட்டேன்ப்பா என்பாய். அதற்குள் அம்மா கையை நீட்டிவிடுவாள். அவளிடம் நீ ஆபீஸில் வேலை அதிகம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுவாய். எனக்குப் பேச வேண்டியது அப்படியே நின்றுவிடுகிறது. எழுதினால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா கோயிலில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள்.

முதலில் ஒன்று. மேலத்தெருப் பையன் கையில் கொடுத்துவிட்ட மஸ்கோத் அல்வா உனக்குக் கிடைத்ததா? முதலூருக்கு நானே போய், அன்றைக்குக் கிண்டியதாகப் பார்த்து வாங்கினேன். முந்திரி நிறையப் போட்டிருந்தது. டிசம்பர் முதல் வாரம் அவன் சென்னைக்குக் கிளம்பும்போது கொடுத்தது. கிடைத்தது என்று நீ சொல்லவில்லை. கிடைக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் நல்லபடியாக நடந்தது. விடியற்கால ஆராதனைக்குக் கோயில் நிறைந்து வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மா நீ எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலை கட்டினாள். நட்சத்திரத்தை மாடியில் பக்கத்து வீட்டுப் பையனை ஏற்றித்தான் கட்டினேன், நான் ஏணியில் ஏறவில்லை. மத்தியானம் ஆட்டுக்கறி. சித்தப்பா வீட்டுக்குப் பலகாரம் போயிற்று. முந்திரிக்கொத்து ஒரு டப்பாவில் உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் ஏரலுக்குப் போவோமா என்று அம்மாதான் ஆரம்பித்தாள். எனக்குத் தயக்கமாக இருந்தது. நீ இல்லாமல் கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி ஹோட்டலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் உட்கார்ந்ததில்லை. போன வருஷம் வெள்ளத்தில் ஹோட்டலே இல்லை. பாலத்துக்கு ஏறும் ரோடு இல்லை, ரயில் இல்லை. அதனால் நீ வராதது ஒரு குறையாகத் தெரியவில்லை. எங்கே இருந்தாலும் பத்திரமாக இருந்தால் போதும் என்று இருந்தோம். இந்த வருஷம் எல்லாம் இருந்தது பாப்பா. செந்தூர் எக்ஸ்பிரஸ் தினமும் காலையில் நம் ஸ்டேஷனில் நின்றுதான் போகிறது. மேலத்தெருவில் மெட்ராஸில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நீ லீவு இல்லை என்றாய். சரி, லீவு இல்லாமல் இருக்கலாம். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

குரும்பூர் வழி பஸ்ஸில் போனோம். ஏரல் பாலத்துக்கு மேலே பஸ் போகும்போது இப்போதெல்லாம் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பித் தாமிரபரணி ஆற்றைப் பார்க்கிறார்கள். முன்பு யாரும் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும்தான் பார்ப்பேன், வேலை பழக்கம். தென்கால் வாய்க்காலில் தண்ணீர் பார்க்கிற லஸ்கராக இருந்தவனுக்கு ஆற்றைப் பார்த்ததும் எத்தனை ஆயிரம் கன அடி போகும் என்று மனசில் கணக்கு ஓடும். அன்றைக்கு ஆறு அமைதியாகத்தான் போனது. ஆனாலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த மாதம் 13-ம் தேதி மழை பயமுறுத்திவிட்டது. மலைமேல் ஊத்து எஸ்டேட்டில் ஒரே நாளில் 54 சென்டிமீட்டர். ராத்திரி முழுக்க நானும் அம்மாவும் தூங்கவில்லை. அரிசியையும் பத்திரங்களையும் மாடிக்கு ஏற்றிவிட்டு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போன வருஷ வெள்ளத்தில் நீ மெட்ராஸில் இருந்துகொண்டு என்ன பாடுபட்டாய்! லைன் கிடைக்காமல் ஊரில் யார் யார் போன் வேலை செய்கிறது என்று தேடித் தேடிப் பிடித்து, நம் தெருவில் எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் என்று பட்டியல் எழுதி அனுப்பினாய். கீழ வீட்டுப் பாட்டியைப் படகில் ஏற்றியது அந்தப் பட்டியலை வைத்துத்தான். நம் சபை ஐயர் அதை இன்றைக்கும் சொல்கிறார். அப்படிப்பட்ட நீ, இந்த 13-ம் தேதி மறுநாள் மத்தியானம்தான் கூப்பிட்டாய். இங்கே மழை பெய்ததே உனக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கு அது ஆற்றைவிடப் பெரிய பயமாக இருந்தது. செய்தி பார்க்கக்கூட முடியாதபடி என் பிள்ளைக்கு என்ன வேலை, என்ன யோசனை என்று நினைத்தேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே முழித்திருக்காதே.

2023 டிசம்பர் 17-ஐ உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லாமல் முடியாது. 1992 நவம்பர் வெள்ளத்தையும் நான் பார்த்தவன். அது மலையில் பெய்த மழை, மேலே இருந்து வந்த தண்ணீர். எங்களுக்கு வழக்கம் என்னவென்றால் பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி, இரண்டு அணையிலும் எவ்வளவு நிற்கிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஸ்ரீவைகுண்டத்துக்கு எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடுவது. இந்தத் தடவை கணக்கு எதுவும் எடுபடவில்லை. மழை அணைக்குக் கீழே, சமவெளியில் கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. நம் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே காயல்பட்டினத்தில் அன்று பெய்த அளவுக்கு வராது. குளங்கள் ஒவ்வொன்றாக மறுகால் பாய்ந்து, கரை தாங்காமல் உடைந்து, ஆற்றில் ஏற்கெனவே லட்சம் கன அடிக்கு மேலே போகிற தண்ணீரோடு சேர்ந்தது. கோடைமேலழகியானில் ஆரம்பித்து எட்டு அணைக்கட்டு. எட்டாவது நம் ஸ்ரீவைகுண்டம், 1873-ல் கட்டியது. அதைத் தாண்டினால் அப்புறம் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. தாண்டினால் ஏரல்.

அந்த ராத்திரி திருச்செந்தூரில் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், 800 பேர் சோறு தண்ணியில்லாமல் கிடந்தார்கள். புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டில் இருந்த அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துப்போய் இரும்பு மட்டும் அந்தரத்தில் கிடந்ததை நீ படத்தில் பார்த்தாய். நான் நேரில் போய்ப் பார்த்தேன். அது சரியாகி ரயில் ஓட ஜனவரி ஆகிவிட்டது.

ஏரல் பஜாரில் கடைகளுக்குள் ஆள் உயரத்துக்கு மேலே தண்ணீர். வடிந்த பிறகு அண்ணாச்சி ஹோட்டலைத் திறக்கப் போனபோது ஷட்டர் ஏறவில்லையாம், உள்ளே அவ்வளவு வண்டல். மைதா மூட்டைகள் பிளந்து சகதியோடு கலந்திருந்தன. பிரிட்ஜ் மிதந்து போய்ச் சமையல்கட்டு வாசலை அடைத்துக் கிடந்தது. கிரைண்டர் குப்புறக் கிடந்தது. பரோட்டாக் கல் மட்டும் இருந்த இடத்தில் இருந்ததாம். அவர் அப்பா காலத்துக் கல். இந்தக் கல் இருக்கும்போது நான் கடையை மூடினால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று அழுதாராம். அரசாங்கம் கொடுத்த 6,000 ரூபாயை வாங்கிச் சகதி அள்ளக் கூலிக்கே கொடுத்துவிட்டார்.

எனக்கு மனசில் நின்றது வேறு ஒன்று. அவருடைய பற்று நோட்டு வெள்ளத்தோடு போய்விட்டது. கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவர்கள் அங்கே எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். லோடுமேன்கள், வாழைக்காய்க் கடைக்காரர்கள், பஜார் கடைப் பையன்கள். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கூட மிச்சமில்லை. அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை. எல்லாரும் தானே நனைந்து கிடக்கிறார்கள், எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டார். ஜனவரியில் ஒரு லோடுமேன் வந்து, அண்ணாச்சி என் பேரில் இவ்வளவு நின்றது, மூன்று மாதத்தில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அப்புறம் இன்னொருவர். வாழை முழுக்கச் சாய்ந்து போன ஒரு விவசாயி, என்னால் இப்போது தர முடியாது, ஆனால் இவ்வளவு இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று புது நோட்டும் வாங்கிக்கொண்டு வந்தாராம். பணம் வந்ததைவிட, வந்து சொன்னார்களே அதுதான் எனக்குத் தெம்பு என்றார் அண்ணாச்சி. தர முடியாதவர் வந்து சொன்னதைத்தான் அவர் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பொங்கல் கழிந்து வாசலில் ஒரு பெஞ்சைப் போட்டு டீயும் வடையும் மட்டும் ஆரம்பித்தார். மாஸ்டர் கோவில்பட்டிப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார், திரும்பி வர ஆடி ஆனது. வயரிங் எல்லாம் புதிது. சுவிட்ச் போர்டுகளைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், ஸ்டூல் போட்டு ஏறித்தான் விசிறி போட வேண்டும். அரிசி, மைதா வைக்கப் பரண் கட்டியிருக்கிறது. சுவருக்கு இளம்பச்சைப் பெயிண்ட். உனக்குப் பிடித்த ஜன்னலோர மேசை போய்விட்டது, அங்கே இப்போது எல்லாம் ஸ்டீல் மேசை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பரவாயில்லை, கழுவிவிடச் சுலபம்.

கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். சாயர்புரத்தில் இருந்தும் பண்ணைவிளையில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். புதுத்துணியும் பவுடருமாகக் குழந்தைகள். கல்லா மேசை மேலே அண்ணாச்சி ஒரு நட்சத்திரம் தொங்கவிட்டிருந்தார். அவர் சாமி கும்பிடுகிறவர், ஆனாலும் வருஷா வருஷம் கட்டுவார், நீ சின்னதில் கேட்டதற்காக ஆரம்பித்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஒரு மேசையைத் துடைக்கச் சொல்லி, தட்டில் நாலு இலை போடச் சொன்னார். பையன் நாலு இலை போட்டுவிட்டான். அப்புறம்தான் அண்ணாச்சி எங்கள் பின்னால் பார்த்துவிட்டு, "மைனி, பாப்பா வரலையா? மருமகன் வரலையா?" என்றார். அம்மா, "மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை அண்ணாச்சி, அவரை விட்டுட்டு இவ எப்படி வருவா" என்றாள். நீ சொன்னதைத்தான் சொன்னாள். நான் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன்.

பரோட்டா பழைய பரோட்டாதான். சால்னாவில் கொஞ்சம் காரம் கூடியிருக்கிறது. உன்னிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சால்னா கேட்டுக் கேட்டு வாங்கினாரே, அதையும் நினைத்துப் பேசினாள். நல்ல பிள்ளை, பசித்துச் சாப்பிடுகிறவர் என்றாள். நான் ஆமாம் என்றேன். கைகழுவப் போகும்போதுதான் அண்ணாச்சி என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டார்.

உள்ளே புதுக் கிரைண்டர் நின்றது. அதன் மேலே கையை வைத்து, "இது பாப்பா வாங்கிக் கொடுத்தது. உங்களுக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளா நினைச்சேன்" என்றார். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. போன பிப்ரவரியில் பணம் அனுப்பினாயாம். திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, நான் சின்னதிலிருந்து உங்கள் கடையில் தின்றதற்குக் கணக்கு என்றாயாம். பாப்பா, நான் அங்கேயே அடுப்புப் பக்கம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உன்னை வளர்த்தோம் என்பதற்கு அன்றைக்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்துச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத மனுஷரிடம்கூட என் மகள் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தை ஏன் எங்களிடம் சொல்லவில்லை? நாங்கள் வேண்டாம் என்றா சொல்லியிருப்போம்? நல்ல காரியத்தையே இப்படி மறைத்து வைக்கிற பிள்ளை, மற்றதை எப்படிச் சொல்வாள் என்று நினைப்பு ஓடியது. நீ எட்டாம் வகுப்பில் கை ஒடிந்து வந்தபோதும் ராத்திரி சாப்பிட உட்காரும்வரை சொல்லவில்லை. இடது கையால் சோற்றை எடுத்ததைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்தாள். அப்பாவுக்கு வேலை, அம்மாவுக்குப் பிரஷர், எதற்கு அவர்களுக்குக் கஷ்டம் என்று அன்றைக்கே நினைக்கிற பிள்ளை நீ. அது நல்ல குணம் என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அப்போதும் அது பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை.

குளத்துக் கரை ஒரே நாளில் உடைவதில்லை. என் வேலையில் நான் தெரிந்துகொண்டது அதுதான். முதலில் கரைக்கு வெளிப்பக்கம், அடியில், ஒரு இடம் ஈரமாகத் தெரியும். அப்புறம் கசியும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் நேரம் இருக்கிறது. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கரையில் நிற்கிறவன் ஒரு சத்தம் கொடுத்தால் போதும், ராத்திரி ரெண்டு மணியானாலும் ஊர் மணல் மூட்டையோடு வந்துவிடும். நான் எத்தனையோ ராத்திரி பார்த்திருக்கிறேன். யாரையும் எழுப்ப வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒற்றை ஆளாக மண்வெட்டியோடு நிற்கிறவனால் ஒன்றும் ஆகாது. அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு. கடையில் வாங்கியாவது சாப்பிடு. தனியாகச் சமைக்கச் சோம்பலாக இருந்தால் மாவு வாங்கித் தோசையாவது ஊற்றிக்கொள். உன் முகம் வீடியோவில் ஒடுங்கித் தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள். லைட் சரியில்லை என்று நீ சொன்னதை அவள் நம்பிவிட்டாள். அந்த அறைச் சுவர் நான் பார்த்த சுவர் இல்லை. உன் வீட்டுக்கு நான் வந்திருக்கிறேன், அங்கே மஞ்சள் சுவர். சரி, அதை விடு.

பணத்துக்கு ஒன்றும் யோசிக்காதே. மாதா மாதம் எங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிடு. என் பென்ஷன் எங்களுக்குப் போதும், மருந்து போக மிச்சமாகிறது. நீ அனுப்பியதை எல்லாம் செலவழிக்கவில்லை, உன் பேரில் போஸ்ட் ஆபீஸில் கிடக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கேள். என்னத்துக்கு என்று கேட்க மாட்டேன். வாடகைக்கு அட்வான்ஸ் என்றாலும் சரி, வேறு எதுவானாலும் சரி.

மேலத்தெருப் பையன் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஊருக்கு வந்தான். என்னைத் தனியாகப் பார்த்துச் சொன்னான். நல்ல பையன், வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏரலில் அண்ணாச்சி கேட்டபோது எனக்கு அது தெரியும். மஸ்கோத் கிடைத்ததா என்று மேலே கேட்டேனே, அது உனக்கு வந்து சேரவில்லை என்றும் எனக்குத் தெரியும். போனால் போகிறது, அதை வைத்திருக்கிறவரும் சாப்பிடட்டும். இந்த லெட்டரை எந்த அட்ரஸுக்குப் போடுவது என்று ரெண்டு நாள் யோசித்துவிட்டு, உன் ஆபீஸ் அட்ரஸைக் கவரில் எழுதியிருக்கிறேன்.

நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. யார் பேரில் தப்பு என்று இங்கே யாரும் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சித்தப்பா கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். கோயிலில் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். ஊர் என்ன சொல்லும் என்று உனக்கு ஒரு பயம் இருந்தால் அதை என்னிடம் விட்டுவிடு. இந்த ஊர் உனக்குக் கடன்பட்டிருக்கிறது, அந்தப் பட்டியலை யாரும் மறக்கவில்லை. அம்மா முதல் ரெண்டு நாள் அழுவாள். அப்புறம் உனக்கு என்ன சமைப்பது என்று ஆரம்பித்துவிடுவாள். நீயே அவளிடம் சொல்வதானால் சொல், நான் சொல்ல வேண்டுமானால் சொல்கிறேன், இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம். மாப்பிள்ளையை நான் குறை சொல்லி எழுதவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது. என் பிள்ளை ஏதோ ஒரு அறையில் தனியாகக் கிறிஸ்துமஸைக் கழித்தாள் என்பது மட்டும் தெரியும். அதை என்னால் தாங்க முடியவில்லை.

பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காது. இப்போது அறுபது நாளுக்கு முன்னாலேயே போட வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள், நவம்பரிலேயே முடிந்திருக்கும். ஜனவரி 29 தை அமாவாசை, ஏரல் சேர்மன் கோயிலுக்கு ஜனம் திரளும், அந்த வாரமும் வேண்டாம். பொங்கல் கூட்டம் திரும்பிப் போன பிறகு, 20-ம் தேதி வாக்கில் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிற பக்கம் இடம் இருக்கும். இல்லாவிட்டால் முந்தின நாள் பதினோரு மணிக்குத் தட்கலில் பார். லோயர் பெர்த் கேள். சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் விடியும்போது நம் ஸ்டேஷன். எந்த நாள் என்று எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடு, நான் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். ரெண்டு டிக்கெட் போட வேண்டுமே என்று நாளைக் கடத்தாதே. ஒரு டிக்கெட் போடு.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

இப்படிக்கு,
அப்பா